கைமாத்து

புன்னைமுனைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்கள் யாரும் கிரேனில் ஏறுவதில்லை. ஏறிய காலம் போய்விட்டது. கரையை விட்டுத் தள்ளி, குளிரூட்டிய ஒரு நீண்ட அறை. அதில் வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் திரைகள், இரண்டு கைப்பிடிகள். வெளியே வெயிலில் ஆளில்லாத கிரேன்கள் கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளைத் தூக்கி லாரிகளில் வைத்துக்கொண்டிருக்கும். அவற்றின் உயிர் அறைக்குள் இருப்பவர்களின் விரல்களில் இருந்தது. அந்த விரல்கள் எல்லாமே சங்கரவடிவின் விரல்கள்தான் என்று ஒரு காலத்தில் சொல்வார்கள்.

அது முகத்துக்கு நேரே சொல்லும் புகழ்ச்சி இல்லை, உண்மை. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் பட்டை வந்த பிறகு அப்படித்தான் ஆகியிருந்தது.

பட்டையைக் கொண்டுவந்த அன்று பொறியாளர் நிஜாம் எல்லோரையும் நிற்க வைத்து விளக்கினான். காயல்பட்டினத்துப் பையன், பொறுமையாகப் பேசுவான்.

"சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டத நெனச்சுப் பாருங்க. யாரும் சொல்லிக் குடுத்தா வந்துச்சு? ஒடம்பு தானாப் புடிச்சுக்கிட்டு. அப்பிடித்தான் இதும். ஒருத்தர் கையில இருக்க பழக்கத்த இது எடுத்து இன்னொருத்தர் கைக்குக் கொஞ்சங் கொஞ்சமா விடும். வலிக்காது. நாள் போகப் போக ஒங்களுக்கே தெரியாம வந்துரும்."

"யாரு கைய எடுக்கும்?"

"யாருக்கு யாரு கை வேணுமோ அவிய பேரச் சொல்லுங்க. கட்டாயம் ஒண்ணும் இல்ல."

"அப்போ கைமாத்து வாங்குத மாதிரின்னு சொல்லுங்க" என்றார் ஆவுடையப்பன். லாரி ஓட்டிக்கொண்டிருந்து, நடு வயதில் கிரேனுக்கு வந்தவர். எதிலும் ஒரு படி மெதுவான மனிதர். எல்லோரும் சிரித்தார்கள். பட்டைக்குக் கைமாத்து என்றே பெயர் நிலைத்துவிட்டது.

எல்லோரும் வடிவின் பேரைச் சொன்னார்கள். உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கிரேன் ஓட்டிய கடைசித் தலைமுறை அவள். வேறு யாரைச் சொல்வது? வடிவின் முறை வந்தபோது மட்டும், "எனக்கு யாரும் வேண்டாம். குடுக்கத்தான் செய்வேன், வாங்க மாட்டேன்" என்றாள். நிஜாம் தலையாட்டிவிட்டு அப்படியே பதிந்துகொண்டு, கொடுப்பதற்காக அவள் காதுக்குப் பின்னாலும் ஒரு பட்டையை ஒட்டினான்.

சில வாரங்களில் அறை மாறிற்று. பெட்டி ஆடினால் வலது மணிக்கட்டை லேசாக உள்ளே மடக்கி எதிர்ப்பக்கம் இழுப்பது அவள் வழக்கம். வரிசை முழுக்க அந்த மடக்கு தெரிந்தது. தேநீர் வாங்கப் போகும்போது நாற்காலிகளுக்குப் பின்னால் வேண்டுமென்றே மெதுவாக நடப்பாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் கை. பிள்ளை பெறாதவளுக்கு அது என்ன நிறைவு என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பங்குனியில் டெல்பினா வந்து சேர்ந்தாள். மணப்பாட்டுப் பக்கத்துப் பெண். சிரித்தால் அறை முழுக்கக் கேட்கும். முதல் நாளே பட்டையை ஒட்டிக்கொண்டு, "எனக்கு வடிவக்கா கை" என்றாள். வடிவுக்குப் பிடித்திருந்தது. இன்னொரு கையில் தன் கை முளைப்பதைப் பார்க்கக் காத்திருந்தாள்.

முளைக்கவில்லை.

டெல்பினா வேறு ஒன்று செய்தாள். பெட்டி ஆடும்போது விரல்களைக் கைப்பிடியிலிருந்து எடுத்துவிட்டாள். ஒரு கணம் அப்படியே விட்டுவிடுவாள். பெட்டி போகிற தூரம் போய், நின்று, திரும்ப நினைக்கும் அந்த இடத்தில் மெல்லப் பிடிப்பாள். பிறகு ஆட்டமே இருக்காது. லாரியின் மேல் முட்டையை வைத்தது போல வைப்பாள். லாரி டிரைவர்கள் பெட்டி இறங்கியது தெரியாமல் காத்துக்கிடந்தார்கள் என்று ஒரு கதை கிளம்பிற்று. மேனேஜர் கிளாட்வின் தன் அறையிலிருந்து இறங்கி வந்து அவள் பின்னால் நின்று பார்த்தார். வடிவின் பின்னால் அவர் அப்படி நின்று வெகுநாள் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் பேரை மாற்றினார்கள். வாயால் யாரும் வடிவிடம் சொல்லவில்லை. விரல்கள் காட்டிக்கொடுத்தன. ஒரு நாள் கடைசி நாற்காலியில் விரல்கள் மேலே எழும்பின. மறு வாரம் அதற்கு முந்தின நாற்காலியில். மடங்கிய மணிக்கட்டுகள் ஒன்றொன்றாக நிமிர்ந்துகொண்டே வந்தன. கான்டீனில் டெல்பினாவின் மேசையில் இடம் போதாமல் நாற்காலி இழுத்துப் போட்டார்கள். வடிவின் மேசையில் ஆவுடையப்பன் மட்டும் உட்கார்ந்து இட்லியைச் சாம்பாரில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க மாத்தலியா அண்ணாச்சி?" என்று கேட்டாள், இளப்பமாக.

"எனக்கு இது வாரதுக்கே இம்புட்டு நாளாயிட்டு. இன்னொண்ணு எதுக்கும்மா? எனக்கு ஒங்க கை போதும்."

அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. எல்லோரும் எடுத்துப் போன பின் பந்தியில் மிஞ்சியதை ஒருவர் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

அன்றிலிருந்து வடிவு தன் நாற்காலியை ஒரு சாண் திருப்பிப் போட்டுக்கொண்டாள். தன் திரையும் தெரியும், டெல்பினாவும் தெரிவாள். குற்றம் கண்டுபிடிக்கத்தான் பார்த்தாள். எப்போதாவது பிடி தவறாதா, ஒரு பெட்டியாவது லாரியின் விளிம்பில் மோதாதா என்று பார்த்தாள். தேநீரை ஆறவிட்டே குடிக்கிறாள். கடினமான பெட்டி வந்தால் கோயில் பாட்டு ஒன்றை மூக்கால் பாடுகிறாள். விரலை எடுப்பதற்கு முன் மூச்சை விடுகிறாள். இதெல்லாம் வடிவுக்கு மனப்பாடம் ஆயிற்று; தன் கை என்ன செய்கிறது என்று பார்க்க மட்டும் மறந்துபோயிற்று. இரவில் படுத்தால் கண்ணுக்குள் அந்த விரல்கள்தான். புதிதாகக் கல்யாணம் ஆனபோது கூடக் கணவனை அவள் அப்படிப் பார்த்ததில்லை.

ஆனி முடியப்போகும் சமயத்தில் ஒரு மத்தியானம் டெல்பினா அவளிடம் வந்தாள்.

"யக்கா, ஒண்ணு கேக்கட்டா? கச்சான் காத்து அடிக்கும்போது நீங்க மட்டுந்தான் பெட்டிய ஆடாம வைப்பீயன்னு எல்லாரும் சொல்லுதாவ. அது எப்பிடிக்கா?"

"ஏன், என் பேரத்தான குடுத்திருக்க? பட்டை தராதாமா?"

"ஒண்ணும் வரலக்கா. நிஜாம் அண்ணனும் பாத்துட்டாவ. எனக்கு அது ஒட்டவே மாட்டேங்கு. அதான் வாயால கேக்கேன்."

ஒட்டவே மாட்டேன் என்கிறது. அந்தச் சொல் வடிவுக்கு வேறு மாதிரிக் கேட்டது. என் கை உனக்கு வேண்டியிருக்கவில்லை, இப்போது காற்றுக்கு மட்டும் வேண்டியிருக்கிறதா? ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் சொல்லி முடித்திருக்கலாம். சொன்னால் அந்தப் பெண் புரிந்துகொள்வாள் என்பதும் தெரியும். அதனாலேயே சொல்லவில்லை.

"போகப் போகத் தானாத் தெரியும், பிள்ள" என்றாள்.

"சரிக்கா" என்று போய்விட்டாள் டெல்பினா. முகம் கூட வாடவில்லை. அதுவும் வடிவுக்கு எரிச்சலாக இருந்தது.

ஆடி பிறந்ததும் கச்சான் வந்தது. மேற்கிலிருந்து செம்மண்ணை அள்ளிக்கொண்டு, துறைமுகத் தண்ணீரைத் தாண்டி வரும் காற்று. அடித்தால் அடித்துக்கொண்டே இருக்காது, விட்டு விட்டு மொத்தும். அவசரச் சரக்கோடு ஒரு கப்பல் நின்றது. கிளாட்வின் நேராக வடிவின் நாற்காலிக்கு வந்தார்.

"கச்சானுக்கு நீங்கதான் வடிவு. வேற யாரையும் நம்ப முடியாது."

வெகுநாளுக்குப் பிறகு அவள் முதுகு நிமிர்ந்தது. வேலை ஓய்ந்தவர்கள் வந்து பின்னால் நின்றார்கள். டெல்பினாவும் நின்றாள். பார்க்கட்டும் என்று நினைத்தாள் வடிவு.

முதல் பெட்டி நன்றாகப் போயிற்று. காற்று அப்போது ஓய்ந்திருந்தது. இரண்டாவது பெட்டி கப்பலின் மேல்தளத்துக்கு மேலே வந்தபோது, எப்போதும் காற்றுக்கு முந்திக்கொள்ளும் கை அன்று முந்தவில்லை, காற்று மொத்தியது. பெட்டி ஆடியது. வடிவு மணிக்கட்டை மடக்க நினைத்தாள். மடங்கவில்லை. மூச்சு வெளியே போயிற்று. விரல்கள் கைப்பிடியிலிருந்து எழும்பின.

அவை எழும்புவதை அவளே பார்த்தாள். யாருடைய விரல்களோ போல.

அமைதியான நாளில் பெட்டி போகிற தூரம் போய் நின்றிருக்கும். கச்சானில் அது நிற்கவில்லை. அடுத்த மொத்தில் இன்னும் தூரம் போய், அடுக்கி வைத்திருந்த பெட்டிகளின் மேல் இடித்தது. அங்கே பெட்டிகளைக் கட்டியிருந்த கம்பிகளை அவிழ்த்துக்கொண்டிருந்த அந்தோணிப்பிச்சை கீழே விழுந்தான். திரையில் சத்தம் வராது. வாயைத் திறந்து அவன் கத்துவது மட்டும் தெரிந்தது.

உயிர் பிழைத்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிவிட்டது. இனிக் கப்பலில் ஏற முடியாது என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

இரண்டு நாள் கழித்து நிஜாம், வடிவையும் கிளாட்வினையும் உட்கார வைத்துப் பேசினான்.

"யக்கா, ஒங்க கையில இப்ப இருக்கது ஒங்க கை இல்ல. டெல்பினா கை."

"நான் யாரு பேரும் குடுக்கல."

"குடுக்கல. ஆனா பட்டை பேரப் பாக்காதுக்கா. நாங்களும் அத இப்பத்தான் புரிஞ்சுக்கிட்டோம். ஒருத்தர் மனசு யாரு மேல நெலைச்சு நிக்கோ, அவிய கைதான் உள்ள போவும். மரியாதைன்னாலும் சரி, ஆசைன்னாலும் சரி. பேரு குடுத்தா அவியளத்தான பாப்பாவ, அதனால இத்தன நாளும் வித்தியாசம் தெரியல." அவன் வடிவின் பக்கம் திரும்பினான். "இந்த ரூம்புல டெல்பினாவ ஒங்க அளவுக்கு யாரும் பாக்கலக்கா. அவ பேரக் குடுத்தவங்க கூடப் பாக்கல."

வடிவு கைகளை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"அப்போ என் கை எங்க போச்சு?"

"ஒரே வேலைக்கு ரெண்டு பழக்கம் தங்காது. புதுசு வந்தா பழசு எறங்கிரும்."

"அவளுக்கு ஏன் என் கை போகல? எம்பேரத்தான குடுத்தா?"

"அவ ஆளையே பாக்க மாட்டாக்கா. பெட்டியத்தான் பாப்பா. அவளுக்கு யாருட்ட இருந்தும் ஒண்ணும் வராது. எல்லாம் அவளே தடவித் தடவிக் கண்டுபிடிச்சது."

அந்தப் பெண் தன்னை மதிக்காமல் ஒதுக்கினாள் என்று இத்தனை மாதம் நினைத்திருந்தாள் வடிவு. அவள் தன்னைப் பார்க்கவே இல்லை என்பது அதைவிட வலித்தது.

கிளாட்வின் தொண்டையைச் செருமினார். "ஆக, கோளாறு அந்தப் பிள்ள கையில. காத்துக்கு ஆவாத பழக்கம், அது ரூம்பு பூராப் பரவிருக்கு. அவள நிறுத்திட்டா மேல கேக்கவங்களுக்கும் ஒரு பதிலாச்சு. ஒங்க பேரு கெடாது வடிவு. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தாப் போதும்."

அவள் சும்மா இருந்தாள். சும்மா இருப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது அவளுக்கே பயத்தைக் கொடுத்தது.

சாயங்காலம் அந்தோணிப்பிச்சையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். டெல்பினா அங்கே முன்னாலேயே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அந்தோணிப்பிச்சை வடிவைப் பார்த்ததும் எழும்ப முயன்றான்.

"கெடங்க, கெடங்க" என்றாள் வடிவு. "என்னால வந்த வினை."

"காத்து செஞ்சதுக்கு நீங்க என்னக்கா செய்வீய? ஒங்க கை தப்புமா?" என்றான் அவன். அவனுக்கு எதுவும் தெரியாது.

வாசல் வரைக்கும் டெல்பினா கூட வந்தாள். நாளை முதல் அவளை நிறுத்தப்போகிறார்கள் என்பதும், வடிவின் கையில் இருந்தது தன் கைதான் என்பதும் நிஜாம் சொல்லி அவளுக்கும் தெரிந்திருந்தது.

"தப்பு எம்மேலதான்க்கா" என்றாள். "நான் அன்னைக்கு நீங்க வேலையா இருக்க நேரத்துல வந்து கேட்டுட்டேன். இன்னொரு நாள் நல்லா உக்காந்து கேட்டிருக்கணும். கேட்டுத் தெரிஞ்சிருந்தா என் கை காத்துக்கும் பழகியிருக்கும், ஒங்க கையிலயும் சரியா வந்திருக்கும்லா."

 டெல்பினா நடித்தால் கூடப் பரவாயில்லை, நடிக்கவில்லை. இந்த நல்ல குணத்தையும் இவளுக்கே கொடுக்க வேண்டுமா என்று வடிவுக்கு நெஞ்சு காந்தியது. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவளுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது: இந்தப் பெண் தன்னால் வேலையிழந்து போனால், மிச்ச ஆயுள் முழுக்க இவளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மறுநாள் காலை கிளாட்வினின் அறைக்குப் போனாள்.

"டெல்பினா எங்கிட்டக் காத்தப் பத்தி வந்து கேட்டா. தெரிஞ்சும் நான் சொல்லல."

"ஏன்?"

"சொல்லத் தோணல."

கிளாட்வின் போனை எடுத்தார். பிறகு மேலே பேசினார், கீழே பேசினார். வடிவை ஒரு மாதம் கைப்பிடியைத் தொடக் கூடாது என்றார்கள். டெல்பினாவை வைத்துக்கொள்ளலாம், ஆனால் காற்றுக்காலத்தில் கப்பல் கொடுக்கக் கூடாது என்றார்கள். அப்படியானால் காற்றில் கப்பலுக்கு யார் இருக்கிறார்கள் என்று தேடினார்கள். வடிவின் கை அறையில் ஒரே ஒருவரிடம்தான் மிஞ்சியிருந்தது.

ஆவுடையப்பனிடம் சொன்னபோது அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "என்னையா? நல்லாப் பாத்துச் சொல்லுதியளா?"

நிஜாம் யோசனை சொன்னான்: வடிவு அவர் பின்னால் உட்காரட்டும், தன் கையை அவரிடமிருந்தே திரும்ப வாங்கிக்கொள்ளட்டும். பட்டை அதற்குச் சரிப்படும். டெல்பினா தானும் வருகிறேன் என்று ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஒரு வாரம் போயிற்று. வடிவுக்கு எதுவும் வரவில்லை. நிஜாம் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவான். "மனசு அவர் மேல நிக்கணும்க்கா."

அவளும் நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை. ஆவுடையப்பனின் பிடரி, எண்ணெய் வழியும் முடி, காலர் கிழிந்த சட்டை. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவரை அவள் பார்த்ததே இல்லை. இப்போது பார் என்றால் எப்படிப் பார்ப்பது? கண் தானாக டெல்பினாவிடமே போயிற்று.

அன்று காலை கச்சான் வலுத்திருந்தது. ஆவுடையப்பன் பெட்டியைத் தூக்கினார். கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் அது வந்தபோது, காற்றே இல்லாத நேரத்தில், அவர் கை பெட்டியைக் கொஞ்சம் மேற்காக நகர்த்தியது. உடனே காற்று வந்து மொத்தியது. பெட்டி நேராக நின்றது.

"அண்ணாச்சி, காத்து வரவே இல்லையே, அதுக்குள்ள எதுக்கு நகத்துனீய?" என்றாள் டெல்பினா.

"என்னமோ கை போவுது தாயி. ஏன்னு கேட்டா எனக்குத் தெரியல்ல."

"கண்ணு எங்க இருந்துச்சு? பெட்டியிலயா?"

"பெட்டியிலதான். இல்ல, அந்தக் கீழ்த் திரையிலயோ? நெதானமாச் சொல்ல முடியல்ல. குளிர் அடிச்சா ரோமம் நிக்குதுல்லா, அது மாதிரின்னு வச்சுக்கோ."

தன் வித்தையை ஒருவர் ரோமம் நிற்பது என்று சொல்வதை வடிவால் பொறுக்க முடியவில்லை.

"ரோமமும் இல்ல ஒண்ணும் இல்ல" என்றாள், சுள்ளென்று. "கீழ்த் திரையில தண்ணியப் பாரு, பிள்ள. காத்து வாரதுக்கு முன்னாடி அது வார பக்கத்துல தண்ணி கறுக்கும். தூரத்துல கறுத்தா நேரம் இருக்கு. பக்கத்துல கறுத்தா இப்பமே நகத்தணும். அடிச்ச பொறவு பெட்டியப் புடிக்க ஒருத்தராலயும் முடியாது. காத்துப் பக்கமா முதல்லயே தள்ளிக் கொண்டு வச்சா, காத்தே அத நேரா நிறுத்திரும்."

சொல்லி முடித்த பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. டெல்பினா திரையைப் பார்த்தாள். அடுத்த பெட்டி வந்தது.

"கறுக்குது அண்ணாச்சி. தூரத்துல. இன்னும் பக்கத்துல வருது. இப்ப!"

ஆவுடையப்பனின் கை அதற்கு முன்பே போயிருந்தது. வலது மணிக்கட்டு லேசாக உள்ளே மடங்கியது. காற்று மொத்த, பெட்டி அசையாமல் நின்று, அப்படியே இறங்கி லாரியின் மேல் உட்கார்ந்தது.

டெல்பினா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். "எப்பா! இத மாதிரி நான் பாத்ததே இல்ல! ஒங்க கைய மாதிரி ஒரு கை வராது அண்ணாச்சி!" என்று கைதட்டினாள். அறையில் எல்லோரும் திரும்பினார்கள். ஆவுடையப்பன் காது வரை சிவந்து போய்ச் சிரித்தார்.

வடிவு அவரைப் பார்த்தாள். அந்தத் தடித்த, நகம் வெட்டாத விரல்களைப் பார்த்தாள். அது என்னுடையது என்று பற்றிக்கொண்டு வந்தது. அந்த மணிக்கட்டு மடங்குவதைப் பிடுங்கிக்கொள்வது போலப் பார்த்தாள். அடுத்த பெட்டியைப் பார்த்தாள், அதற்கடுத்ததைப் பார்த்தாள். டெல்பினா எழுந்து போனதைக் கவனிக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் அவளுக்குக் கேட்கவில்லை.

நிஜாம் பின்னாலிருந்து ஓடி வந்தான்.

"யக்கா, பட்டை திறந்துட்டுது! அண்ணாச்சி கை உள்ள போவுது! இத்தன நாளா இல்லாம இப்ப எப்பிடி? என்ன நெனச்சீய?"

வடிவு மடியில் கிடந்த தன் வலது கையைப் பார்த்தாள். மணிக்கட்டு லேசாக உள்ளே மடங்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் நெனைக்கல" என்றாள்.